ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்காக அமெரிக்க ஆசிரியர்கள் ஏன் வாஷிங்டனுக்குப் போகிறார்கள்?

2025 ஜூன் 30 அன்று அமெரிக்க மாநிலக் கல்வித் துறைகளுக்கு வாஷிங்டனிலிருந்து சுருக்கமான ஒரு மின்னஞ்சல் வந்தது. மறுநாள் கைக்கு வரவேண்டிய பள்ளி நிதி வராது, அது மறு ஆய்வில் இருக்கிறது என்பதுதான் செய்தி. நிறுத்தி வைத்த தொகை சுமார் 680 கோடி டாலர். ஆசிரியர் பயிற்சி, பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்புகள், இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான திட்டம் ஆகியவற்றோடு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்களுக்கான 'டைட்டில் 3' நிதியும் அதில் இருந்தது.

அடுத்த சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. பத்து குடியரசுக் கட்சி செனட்டர்கள் தங்கள் கட்சி அரசுக்கே கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களைத் தொகுதிப் பிரதிநிதிகளுக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னன. ஜூலை முடிவதற்குள் பணம் விடுவிக்கப்பட்டது.

இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்குச் சில கேள்விகள் எழுந்திருக்கும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை எப்படி நிறுத்த முடிந்தது? உச்ச நீதிமன்றம் இந்த மாணவர்களின் உரிமையை எப்போதோ உறுதி செய்துவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் எம்.பி.க்களின் அலுவலகக் கதவைத் தட்டுகிறார்கள்? பாடம் நடத்துபவர்களுக்கு அரசியலில் என்ன வேலை?

### யார் இந்த மாணவர்கள்?

அமெரிக்கப் பள்ளிகளில் இரண்டு சொற்றொடர்கள் அடிக்கடி அடிபடும். இரண்டும் ஒன்றல்ல.

1. ஆங்கிலம் கற்கும் மாணவர்: வீட்டில் வேறு மொழி புழங்குகிறது, பள்ளி வைக்கும் தேர்வில் ஆங்கிலம் போதாது என்று தெரிகிறது. இப்படி வகைப்படுத்தப்பட்டவர்கள் 2021-இல் சுமார் 53 லட்சம் பேர். அரசுப் பள்ளி மாணவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். நான்கில் மூவரின் வீட்டு மொழி ஸ்பானியம்.

2. குடியேறிய மாணவர்: டைட்டில் 3 சட்டத்தின்படி 3 முதல் 21 வயதுக்குள் இருப்பவர், அமெரிக்காவில் பிறக்காதவர், அங்குள்ள பள்ளிகளில் மூன்று முழுக் கல்வியாண்டுகளுக்கு மேல் படிக்காதவர். விசா உண்டா இல்லையா என்ற கேள்வியே இந்த வரையறையில் இல்லை.

ஆங்கிலம் கற்கும் மாணவர் என்றதும் நேற்று விமானத்திலிருந்து இறங்கிய குழந்தைதான் பலருக்கும் மனதில் வரும். உண்மையில் தொடக்கப் பள்ளிகளில் இந்த வகையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். 'வந்தேறிகளுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்' என்று யாராவது கேட்டால் ஆசிரியர்கள் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை. அது எங்கும் அப்படித்தான். இவர்களில் பலரின் பெற்றோருக்கும் ஓட்டு இல்லை. சிலர் விசாவில் இருப்பவர்கள், சிலர் ஆவணங்கள் இல்லாதவர்கள், குடியுரிமை பெற்ற சிலருக்கோ ஆங்கிலத்தில் மனு எழுதத் தயக்கம். அந்தக் குழந்தையைத் தினமும் பார்க்கிற, தொகுதியில் ஓட்டும் உள்ள ஆள் என்று தேடினால் பெரும்பாலும் ஆசிரியர்தான் கிடைப்பார். ஆசிரியர்கள் சட்டமன்றப் படியேறுவதற்கு அடிப்படைக் காரணம் இந்த இடைவெளி என்றே நினைக்கிறேன். மற்ற காரணங்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

### நீதிமன்றம் கொடுத்தது என்ன, கொடுக்காதது என்ன?

சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் 1970-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 2,800 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,800 பேருக்கு மொழி உதவி எதுவும் கிடைக்கவில்லை. மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள், ஒரே புத்தகத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இதை எதிர்த்த 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. மொழி புரியாத குழந்தைக்கு அர்த்தமுள்ள கல்வி மறுக்கப்படுகிறது என்பது அதன் சாரம். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம்தான் அந்தத் தீர்ப்புக்கு அடித்தளம்.

அதே 1974-இல் காங்கிரஸ் நிறைவேற்றிய சமக் கல்வி வாய்ப்புச் சட்டம், மொழித் தடையைக் கடக்க மாணவர்களுக்கு உதவ வேண்டியது பள்ளிகளின் கடமை என்று எழுதிவைத்தது. அந்த உதவி போதுமானதா என்று எப்படி அளப்பது? டெக்சாஸ் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) ஒன்றைப் பற்றிய 'காஸ்டனேடா எதிர் பிக்கார்ட்' வழக்கில் 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளைத் தந்தது:

1. பள்ளி பின்பற்றும் முறை கல்வியாளர்கள் ஏற்கும் கோட்பாட்டின் மேல் நிற்கிறதா?
2. அதை நடத்தப் போதிய ஆசிரியர்களும் பணமும் பாடப் பொருள்களும் இருக்கின்றனவா?
3. சில காலம் நடந்த பிறகு பலன் தெரிகிறதா?

இந்த மூன்றும் இன்றுவரை அளவுகோலாக இருக்கின்றன. அடுத்த ஆண்டே, 1982 ஜூனில், 'பிளைலர் எதிர் டோ' தீர்ப்பு வந்தது. ஆவணமில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கலாம் என்று டெக்சாஸ் 1975-இல் சட்டம் இயற்றியிருந்தது. டைலர் நகரப் பள்ளி மாவட்டம் அப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. அது செல்லாது, குடிவரவு நிலை எதுவானாலும் பிள்ளைகளுக்கு இலவசப் பொதுக் கல்வி உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஐந்துக்கு நான்கு. ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் முடிவு மாறியிருக்கும். அந்தக் குறுகிய வித்தியாசத்தைத்தான் இன்று சிலர் குறிவைக்கிறார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

உரிமை இருக்கிறது, சரி. ஆனால் நீதிமன்றத்தில் அதைக் கேட்டு வாங்கும் வழி வரவர ஒடுங்கிவிட்டது. 2001-இல் 'அலெக்சாண்டர் எதிர் சாண்டோவல்' தீர்ப்பு, வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபிக்காமல், விளைவை மட்டும் காட்டி சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் தனிநபர்கள் வழக்குப் போட முடியாது என்றது. லாவ் வழக்கின் கால் அங்கேயே தளர்ந்தது. பிறகு அரிசோனாவின் நோகாலெஸ் நகரப் பெற்றோர் 1992-இல் தொடங்கிய வழக்கு. ஆங்கிலம் கற்பிக்க மாநிலம் போதிய பணம் தரவில்லை என்பது அவர்கள் புகார். 2009-இல் அது உச்ச நீதிமன்றம் போனபோது கீழ் நீதிமன்றங்களின் உத்தரவு தள்ளப்பட்டது. எவ்வளவு செலவு செய்வது என்பது பெருமளவில் சட்டமன்றங்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்ற நிலைப்பாடு அதில் வலுப்பெற்றது.

ஆக, உதவி கிடைக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் சொல்லும். எத்தனை ஆசிரியர், எவ்வளவு பணம், எந்த விதி என்பதைச் சட்டமியற்றுபவர்கள்தான் சொல்வார்கள்.

### 1966: டூசான் ஆசிரியர்கள்

ஆசிரியர்கள் இப்போதுதான் அரசியலுக்குள் நுழைகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு அரிசோனாவின் டூசான் நகரத்தை நினைவுபடுத்த வேண்டும். 1960-களின் நடுவில், ப்யூப்லோ உயர்நிலைப் பள்ளியின் மரியா அர்கிடெஸ் உள்ளிட்ட ஆசிரியர்கள் சிலர், ஆசிரியர் அமைப்பான தேசியக் கல்விச் சங்கத்தின் ஆதரவோடு தென்மேற்கு மாநிலப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை அவர்கள் மொழியிலேயே தொடங்கிப் படிக்கவைக்கும் வகுப்புகள் எங்கே நடக்கின்றன, எப்படி நடக்கின்றன என்று குறித்துக்கொண்டார்கள். அந்த அறிக்கை 1966-இல் வந்தது. அக்டோபர் இறுதியில் டூசானில் நடந்த மாநாட்டுக்கு டெக்சாஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோவும் வந்திருந்தார். 1967 ஜனவரியில் அவர் செனட்டில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரி 2 அன்று அது இருமொழிக் கல்விச் சட்டமாகக் கையெழுத்தானது.

கையெழுத்துப் போட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், இளவயதில் டெக்சாஸின் கொட்டுல்லா ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவர். 1965-இல் வாக்குரிமைச் சட்டத்துக்காகக் காங்கிரசில் பேசியபோதும் அந்தக் குழந்தைகளை நினைவுகூர்ந்தார்.

டூசான் ஆசிரியர்கள் செய்ததில் கவனிக்க வேண்டியது அதன் வரிசை. முதலில் வகுப்பறையைப் பார்த்தார்கள். பார்த்ததை எழுதினார்கள். எழுதியதைச் சட்டம் இயற்றக்கூடிய ஒருவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மசோதா அதற்குப் பிறகுதான் வந்தது.

### அனுமதி வேறு, பணம் வேறு

அமெரிக்க நடைமுறையில் வெளியாட்களை மிகவும் குழப்புவது இதுதான். திட்டம் ஒன்று உயிர்பெற காங்கிரஸ் இரண்டு முறை சம்மதிக்க வேண்டும்.

1. அங்கீகாரச் சட்டம்: இப்படியொரு திட்டம் இருக்கலாம், இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று அனுமதிப்பது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இது மாறும்.
2. ஒதுக்கீட்டுச் சட்டம்: இந்த ஆண்டு உண்மையில் இவ்வளவு பணம் என்று எடுத்துக் கொடுப்பது. நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிறைவேற வேண்டும்.

1968-இன் இருமொழிக் கல்விச் சட்டமே இதற்கு நல்ல பாடம். அது 1969 நிதியாண்டுக்கு 3 கோடி டாலர் வரை அனுமதித்தது. காங்கிரஸ் ஒதுக்கியது 75 லட்சம் டாலர். முதல் ஆண்டான 1968-க்கு எதுவுமே இல்லை. சட்டம் நிறைவேறியதைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அந்தத் திட்டம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2002-இல் கையெழுத்தான பள்ளிக் கல்விச் சட்டம் இருமொழிக் கல்விச் சட்டத்தை நீக்கி அந்த இடத்தில் டைட்டில் 3-ஐ வைத்தது. பெயரிலிருந்தே 'இருமொழி' போய், 'ஆங்கிலம் பெறுதல்' வந்தது. 2015 டிசம்பரில் வந்த அடுத்த சட்டம், இந்த மாணவர்களின் ஆங்கில முன்னேற்றத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான தர மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு மூலையில் நடக்கும் தனித்திட்டமாக இருந்தது, தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டிய கணக்காக மாறியது. ஆசிரியர் அமைப்புகளுக்கு இது பெரிய முன்னேற்றம்.

பணம்? டைட்டில் 3-க்கு அண்மை ஆண்டுகளில் கிடைப்பது சுமார் 89 கோடி டாலர். அதில் 80 சதவீதம் ஆங்கிலம் கற்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்தும், 20 சதவீதம் குடியேறிய மாணவர் எண்ணிக்கையை வைத்தும் மாநிலங்களுக்குப் பிரிகிறது. 53 லட்சம் பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 170 டாலர்கூட வராது. மாநிலமும் பள்ளி மாவட்டமும் எப்படியும் செய்ய வேண்டிய செலவை இதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இது கூடுதல் பணமாக மட்டுமே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் இது பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சி, கோடை வகுப்பு, துணைப் பாடப் பொருள், பெற்றோருக்கான நிகழ்ச்சி என்று போகிறது. சிறிய தொகைதான். ஆனால் சிறு ஊர்களில் நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மொழி ஆசிரியர் இருக்கும் மாவட்டத்தில் அவருக்குப் பயிற்சி கிடைப்பதும் கிடைக்காததும் இதைப் பொறுத்து இருக்கலாம்.

### அந்தச் சந்திப்பில் என்ன பேசுவார்கள்?

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களின் பன்னாட்டுச் சங்கமான டெசோல் 1966-இல் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் வாஷிங்டனில் கூடி, சட்ட நிலவரம் பற்றி ஓரிரு நாள் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தங்கள் தொகுதிப் பிரதிநிதிகளின் அலுவலகங்களுக்குப் போகும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. இருமொழிக் கல்விக்கான தேசியச் சங்கம், இரண்டு பெரிய ஆசிரியர் சங்கங்கள், மொழிக் கல்வி அமைப்புகளின் கூட்டமைப்பு ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

பெரும்பாலும் பிரதிநிதியையே பார்க்க முடியாது. கல்வித் துறையைக் கவனிக்கும் இளம் உதவியாளர் ஒருவர் வருவார். கால் மணி, இருபது நிமிடம் கிடைக்கும். இதைக் குறைவாக எடை போட வேண்டாம். மசோதா மேசைக்கு வரும்போது பிரதிநிதிக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் அந்த உதவியாளர்தான்.

அந்த நேரத்தில் நன்றாகப் பேசும் ஆசிரியர்கள் செய்வது இது: தொகுதியில் எந்தப் பள்ளி, எத்தனை இப்படிப்பட்ட மாணவர்கள் என்று தொடங்குவார்கள். வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள், பெயர் இல்லாமல். அப்புறம் திட்டவட்டமான ஒரே கோரிக்கை. 'ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு ஆதரவு தாருங்கள்' என்று கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. அதனால் ஒன்றும் நடக்கப்போவதுமில்லை. 'டைட்டில் 3 ஒதுக்கீட்டைக் குறைக்கக் கூடாது என்று சக உறுப்பினர்கள் ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்திடுவாரா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

வகுப்பறை அறிவு சட்டமாக மாறியதற்கு மிகத் தெளிவான உதாரணம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1998-இல் அந்த மாநில வாக்காளர்கள் 61 சதவீத ஆதரவோடு 227-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, இருமொழி வகுப்புகளைப் பெருமளவில் முடக்கினார்கள். அதன் பின் ஆசிரியர்கள், பெற்றோர் அமைப்புகள், சிவில் உரிமை அமைப்புகள் சேர்ந்து 'கலிஃபோர்னியன்ஸ் டுகெதர்' கூட்டணியைத் தொடங்கின.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம் வெகுநாளாகத் தெரியும். ஆங்கிலம் கற்கும் மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலர் புதிதாக வந்தவர்கள் அல்ல. மழலையர் பள்ளியிலிருந்து அங்கேயே படிப்பவர்கள். பேச்சு ஆங்கிலம் சரளமாக வரும். பாடப் புத்தக ஆங்கிலத்தில் தடுக்கும். கேள்வி கேட்க மாட்டார்கள், தொந்தரவும் செய்ய மாட்டார்கள். அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. அரசுக் கணக்கில் இவர்களுக்கென்று ஒரு பத்தியே இல்லை.

அந்தக் கூட்டணிக்காகக் கல்வி ஆய்வாளர் லாரி ஓல்சன் 40 பள்ளி மாவட்டங்களின் விவரங்களைத் திரட்டி 2010-இல் அறிக்கை எழுதினார். 6 முதல் 12 வரையான வகுப்புகளில் இருந்த ஆங்கிலம் கற்கும் மாணவர்களில் 59 சதவீதம் பேர் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வகையிலிருந்து வெளியே வராதவர்கள். ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கண்டது மாநிலம் முழுவதும் இருந்தது. 2012-இல் கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த மசோதா, 'நெடுங்கால ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்பதற்குச் சட்ட வரையறை தந்து, அவர்களை எண்ணிச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. 2015-இன் தேசியச் சட்டம், ஐந்து ஆண்டுகளில் ஆங்கிலத் தேர்ச்சி பெறாதவர்களின் எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்றது. 2016-இல் அதே லாராவின் முயற்சியில் 58-ஆம் முன்மொழிவு வாக்குக்கு வந்து, 73 சதவீத ஆதரவோடு 1998-இன் தடை நீங்கியது. பதினெட்டு ஆண்டுகள். நீண்ட காலம்தான், அந்தத் தடையின் கீழ் ஒரு தலைமுறையே பள்ளியை முடித்து வெளியேறிவிட்டது. ஆனாலும் அந்த மாற்றத்தை எந்த நீதிமன்றமும் கொடுக்கவில்லை.

எல்லா முயற்சியும் இப்படி முடிவதில்லை. இந்த மாணவர்களுக்குக் கற்பிக்கப் போகும் ஆசிரியர்களைத் தயார்செய்யப் பல்கலைக்கழகங்களுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் மானியம் தரும் மசோதாவை, ரோட் ஐலண்ட் பிரதிநிதி ஜிம் லாங்கெவின் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொண்டுவந்தார். டெசோல் ஆதரித்தது. அது நிறைவேறவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது.

### ஆசிரியர் எதுவரை பேசலாம்?

அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். அவர் அரசை எதிர்த்துப் பேசலாமா?

1968-இல் 'பிக்கரிங்' வழக்கில் இதற்கு விடை வந்தது. இல்லினாய் ஆசிரியர் ஒருவர், பள்ளி வாரியம் பணத்தைச் செலவிடும் விதத்தைக் குறைசொல்லி உள்ளூர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், வேலை போனது. பொது விஷயத்தில் குடிமகனாகப் பேசும் உரிமை ஆசிரியருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 2006-இல் 'கார்செட்டி' தீர்ப்பு ஒரு கோடு போட்டது: தன் வேலையின் பகுதியாக ஊழியர் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நடைமுறையில் இதன் பொருள்: விடுப்பு எடுத்து, சொந்தச் செலவிலோ சங்கச் செலவிலோ, சொந்த மின்னஞ்சலில், 'இந்தத் தொகுதியின் வாக்காளர், ஆசிரியர்' என்று பேசினால் தைரியமாகப் பேசலாம். பள்ளியின் கடிதத்தாளில், பள்ளி நேரத்தில், பள்ளியின் கருத்து என்று பேசினால் சிக்கல். மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. குடியேறிய குடும்பங்கள் விஷயத்தில் அது வெறும் விதியல்ல. உருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ஊர், நாடு, வயது, குடும்ப நிலை எல்லாவற்றையும் அடுக்கினால், பெயர் சொல்லாமலே அந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். எந்த உதவிக்காகப் பேசப் போனார்களோ அதைவிடப் பெரிய தீங்கு அது.

### 2025-இல் எவையெல்லாம் மாறின?

ஜூலையில் நிதி நின்றது தனி நிகழ்வு அல்ல. அந்த ஆண்டு வரிசையாக நடந்தவை:

1. ஜனவரி: பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களில் குடிவரவுக் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கச் சொல்லி வந்த கொள்கையை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை விலக்கியது.
2. மார்ச்: ஆங்கிலத்தை அதிகாரப்பூர்வ மொழியாக அறிவிக்கும் நிர்வாக ஆணை வந்தது. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கு அரசுச் சேவைகள் எட்ட வழி செய்யச் சொன்ன 2000-ஆம் ஆண்டு ஆணை ரத்தானது. அதே மாதம் நடந்த பணிநீக்கத்தில், கல்வித் துறைக்குள் இந்த மாணவர்களுக்கென்று இருந்த அலுவலகம் ஏறக்குறைய காலியானது.
3. மே-ஜூன்: 2026 நிதியாண்டுக்கான அதிபரின் முன்மொழிவு, டைட்டில் 3-க்கு முழுவதுமாக நிதி நிறுத்தக் கேட்டது.
4. ஆகஸ்ட்: லாவ், காஸ்டனேடா தீர்ப்புகளின்படி பள்ளிகள் என்ன செய்ய வேண்டும் என்று 2015-இல் கல்வித் துறையும் நீதித் துறையும் சேர்ந்து எழுதிய 40 பக்க வழிகாட்டுதல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவற்றில் எதுவும் 1964, 1974 சட்டங்களையோ தீர்ப்புகளையோ மாற்றவில்லை. பள்ளிகளின் கடமை அப்படியே இருக்கிறது. கடமையைச் செய்யாத பள்ளியை யார் கேட்பது என்பதுதான் பலவீனமாகியிருக்கிறது. பட்ஜெட் முன்மொழிவும் கோரிக்கை மட்டுமே. ஒதுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு. ஒதுக்கிய பணத்தை அதிபர் தன் விருப்பப்படி பிடித்துவைப்பதைத் தடுக்க 1974-லேயே சட்டம் உண்டு. ஆனால் பள்ளி திறக்கச் சில வாரமே இருக்கும்போது வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. அரசியல் அழுத்தம் அந்த ஜூலையில் வேகமாக வேலை செய்தது, அதிலும் ஆளும் கட்சித் தொகுதிகளிலிருந்து வந்த அழுத்தம்.

### மாநிலங்களில் நடப்பது

வாஷிங்டனைவிட மாநிலத் தலைநகரங்களில்தான் பிளைலர் தீர்ப்பு நேரடியாக உரசிப்பார்க்கப்படுகிறது. டென்னசியில், மாணவர்களின் குடிவரவு நிலையைக் கேட்கவும், சட்டபூர்வ நிலை இல்லாதவர்களிடம் கட்டணம் வாங்கவும், சேர்க்க மறுக்கவும் பள்ளி மாவட்டங்களுக்கு அனுமதி தரும் மசோதா 2025 ஏப்ரலில் மாநில செனட்டில் 19-13 என்று நிறைவேறியது. மாணவர்களும் ஆசிரியர்களும் மதகுருமார்களும் நாஷ்வில் சட்டமன்றக் கட்டடத்தில் திரண்டு எதிர்த்தார்கள். கீழவையில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மத்தியக் கல்வி நிதியில் 100 கோடி டாலருக்கு மேல் ஆபத்து வரலாம் என்ற மதிப்பீடு பெரிய காரணம். ஓக்லஹோமாவில் பெற்றோரின் குடிவரவு நிலையைப் பள்ளிகள் கேட்க வேண்டும் என்ற விதிக்கு மாநிலக் கல்வி வாரியம் 2025 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. குடியரசுக் கட்சி ஆளுநரே எதிர்த்தார், சட்டமன்றமும் ஏற்கவில்லை.

இத்தகைய மசோதாக்களின் நோக்கம் மாநிலத்தோடு முடிவதில்லை. ஒன்று சட்டமானால் வழக்கு வரும்; வழக்கு உச்ச நீதிமன்றம் போனால் 1982-இன் தீர்ப்பை மறுபடி திறக்கலாம் என்பது அவற்றை ஆதரிக்கும் சிலர் வெளிப்படையாகவே சொல்லும் கணக்கு. அதனால்தான் ஆசிரியர் அமைப்புகள் குழு நிலையிலேயே தடுக்கப் பார்க்கின்றன.

எதிர்த்திசையிலும் சட்டங்கள் வந்திருக்கின்றன. கலிஃபோர்னியா 2017-லேயே மாணவர்களின் குடிவரவு நிலையைப் பள்ளிகள் கேட்பதைத் தடுத்தது. 2025-இல், நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் குடிவரவு அதிகாரிகளைப் பள்ளியின் உட்பகுதிகளுக்குள் விடக்கூடாது என்று சட்டம் செய்தது. இல்லினாய், பிளைலர் தந்த பாதுகாப்பை அதே ஆண்டில் மாநிலச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. நாளை உச்ச நீதிமன்றம் மனம் மாறினாலும் அந்த மாநிலத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்திருக்கும்.

### தமிழ்க் குடும்பங்களை இது எங்கே தொடுகிறது?

எச்-1பி விசாவில் போகும் பெற்றோரின் பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போய் மூன்று கல்வியாண்டு ஆகாத குழந்தை, டைட்டில் 3 வரையறைப்படி குடியேறிய மாணவர். அந்தக் குழந்தையின் தலையை எண்ணித்தான் மாநிலத்துக்கு அந்த 20 சதவீதப் பங்கு வருகிறது.

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருவார்கள். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசுவது எது என்று கேட்கும். 'தமிழ்' என்று எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து சிலர் 'ஆங்கிலம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக ஆங்கிலம் தெரிந்த குழந்தை தேர்விலேயே வெளியே வந்துவிடும். தெரியாத குழந்தைக்கு உதவி கிடைக்கும். தனி வகுப்பு வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. ஆனால் தேர்ச்சி பெறும்வரை ஆண்டுத் தேர்வு தொடரும். படிவத்தில் உண்மையை எழுதாவிட்டால், கணக்கில் ஒரு குழந்தை குறைகிறது, அதற்கான பணமும் குறைகிறது.

இரு மொழிகளில் தேர்ச்சி பெற்ற மாணவரின் பள்ளிச் சான்றிதழில் இடப்படும் இருமொழித் தேர்ச்சி முத்திரையும் இதே கூட்டணிகளின் உழைப்பில் வந்ததுதான். கலிஃபோர்னியா 2011-இல் தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் தமிழுக்காக இதைப் பெறுகிறார்கள்.

இன்னொரு பிரச்சினை இன்னும் தீரவில்லை. பெற்றோரின் வேலை விசாவில் சட்டபூர்வமாக வளர்ந்த பிள்ளைகள், கிரீன் கார்டு வரிசை நகராததால் 21 வயதில் அந்த நிலையை இழக்கிறார்கள். இந்தியக் குடும்பங்களுக்குத்தான் வரிசை மிக நீளம். இவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு (கிரீன் கார்டு) வழி செய்யும் மசோதாவை வட கரோலினா பிரதிநிதி டெபோரா ராஸ் 2021-இல் கொண்டுவந்தார். இரு கட்சியினரின் ஆதரவும் இருந்தது. பின்னரும் அறிமுகம் செய்யப்பட்டு, சட்டமாகாமல் நிற்கிறது. இந்த மசோதாவைப் பற்றிச் சந்திப்புக்கு நேரம் கேட்க குடியுரிமை தேவையில்லை. தொகுதியில் வசித்தால் போதும். பிள்ளையின் ஆசிரியரும் உடன் வந்தால், அலுவலகத்தில் அந்த உதவியாளருக்கு முன்னால் ஒரு வாக்காளரும் உட்கார்ந்திருப்பார்.